மூஞ்சியைத் தொங்கப்போடாதே, குண்டைத் தொங்கவிடு

என்னைய அலங்கோலமா வரைஞ்சுபுட்டோமேன்னு யாரும் எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்க வேண்டாம் அப்பு. என் மூஞ்சி எப்படி இருக்கும்ங்கிறது எனக்கு நல்லாவே தெரியும். உன் காகிதத்துல அதுக்கு ரெண்டாவது தாடை முளைச்சா நட்டம் எனக்கில்லை. ஆனா ஒண்ணு பாத்தியா? எங்கிட்ட மன்னிப்புக் கேக்க ஓடியாற அதே ஆளு, பக்கத்துல உக்காந்து வரையிற பிள்ளை "கை கொஞ்சம் நீளம்"னு சொன்னா மட்டும் உம்முன்னு ஆயிடுறான். கேக்காதவன்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு, சொன்னவன்கிட்ட "எந்தக் கை?"ன்னு கேக்கத் தெரியலை. கேட்டிருந்தா சொன்னவன் முழிச்சிருப்பான். அவனும் சரியாப் பாத்துச் சொல்லலையே!

நான் ஆருன்னு சொல்லிப்புடுறேன். சிவகங்கைச் சீமையில இருந்து மெட்ராசுக்கு வந்து கொத்து வேலை பாத்தவன். சாரத்துல ஏற முழங்காலு ஒத்துக்கிடாமப் போன பெறகு, படம் போடக் கத்துக்கிற கூடம் ஒண்ணுல மாடலா உக்காருறேன். "சும்மா உக்காந்தாப் போதும், காசு"ன்னுதான் கூட்டியாந்தவன் சொன்னான். சும்மா உக்காருறதுல உள்ள சீரழிவு உக்காந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். இருவது நிமிசம் அசையாம இருந்துட்டு, அஞ்சு நிமிசம் காலை உதறிக்கிட்டு, மறுபடி வந்து அதே எடத்துல, பாதத்தைச் சுத்திச் சாக்பீசுல கிழிச்ச கோட்டுக்குள்ளயே காலை வைக்கணும். மூக்குல ஈ உக்காந்தாலும் அது ஈயோட இஷ்டம்.

அசைய முடியாதவனுக்குக் காது கூர்மையாயிரும். ஒரு ஆளை நடுவுல உக்கார வச்சு, அவன் தோளு, அவன் தொடை, அவன் தொந்தின்னு ஒரு கூட்டமே பேசுறதை அந்த ஆளே வாயைத் தொறக்காமக் கேட்டுக்கிட்டு இருக்கிற உத்தியோகம் வேற எங்கயாச்சும் உண்டா? "தோளு ஒரு பக்கமாச் சரிஞ்சு கெடக்கு பாரு"ன்னான் ஒரு தம்பி. படத்தைச் சொல்றானா என்னையச் சொல்றானான்னு எனக்கு மொதல்ல பிடிபடலை. பெறகுதான் வெளங்குச்சு. சரிஞ்சு கெடந்தது என் தோளுதான், காலமெல்லாம் கலவைச் சட்டி ஏத்தின தோளு. வரைஞ்ச பிள்ளை அதை அப்படியே வரைஞ்சிருக்கு. குத்தம் சொன்ன தம்பி என் பக்கம் திரும்பியே பாக்கலை. அவனுக்குப் புஸ்தகத்துத் தோளு வேண்டியிருந்திருக்கு. அந்தப் பிள்ளையும் என்னைய ஒரு தடவை பாத்துட்டு "அவருக்கே அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. ரப்பரை எடுத்து அழிச்சுப்புட்டு, ரெண்டு தோளையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிட்டுருச்சு. அன்னைக்கு அந்தக் கூடத்துல இருந்த நல்ல படம் ஒண்ணு போச்சு.

அதனால மொத பாடம் இதுதான் அப்பு. உன் படத்தைப் பத்தி ஒருத்தன் வாயைத் தொறந்தா, அவன் கண்ணு எங்க இருக்குன்னு பாரு. படத்துலயே இருந்தா, "ஆமாண்ணே, ரொம்ப சரிண்ணே"ன்னு சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு. படம், மாடலு, மறுபடி படம்னு அவன் கழுத்து மூணு தடவை திரும்புச்சுன்னா பேனாவை எடுத்து அவன் சொல்றதை எழுதிக்க.

புஸ்தகத்தைக் குறை சொல்லலை. சாதாரண மனுசன் நின்னா அவன் தலையைப் போல ஏழரை மடங்கு உயரம் வருவான்னு ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காக்காரரு ஆண்ட்ரூ லூமிஸ் 1943ல போட்ட புஸ்தகத்துல, பாக்க எடுப்பா இருக்கட்டும்னு எட்டுத் தலையா ஏத்திக் குடுத்திருக்காரு. எல்லாம் சரி. நான் முதுகு வளைஞ்ச கிழவன், என்னைய அளந்தா ஏழு வந்தாலே பெரிசு. எட்டுத் தலைக் கணக்கைக் கையில வச்சுக்கிட்டு என் படத்தைத் திருத்த வந்தா, படத்துல உள்ள கிழவன் எந்திரிச்சு மாப்பிள்ளையாகிப் போயிருவான்.

நம்ம ஊரு ஸ்தபதிமாருக்கு இந்தத் தொல்லையே கெடையாது. சுவாமிமலையில விக்கிரகம் வாக்கிறவுக, செய்யப்போற சிலை உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடிச்சு மடிச்சு அளவு குறிச்சுக்குவாக. சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாலம், 124 பங்கு. அம்பாளுக்கு மத்திம தசதாலம், 120. அப்பன் மகனைத் திருத்தினாலும் ஓலையை வச்சுக் காட்டித் திருத்தலாம். "எனக்கென்னமோ மூக்கு ஒரு மாதிரி இருக்கு"ங்கிற பேச்சுக்கு அங்க வேலை இல்லை. சாமிக்கு ஓலை இருக்கு. மனுசனை வரையிறப்ப அந்த ஓலை எது? முன்னாடி உக்காந்திருக்கானே, அந்த மனுசனேதான். அவனை விட்டுப்புட்டு ஓலையை மனசுக்குள்ள தேடுறவன் சொல்றதெல்லாம் கரெக்சன் இல்லை அப்பு, அபிப்பிராயம்.

கொத்து வேலையில ஒரு வழக்கம் உண்டு. "மேஸ்திரி, சுவரு சாஞ்சிருக்கு"ன்னு வாயால சொல்லிப் பாரு, சண்டைதான். அவன் அப்பன் பாட்டன் கட்டின வீடெல்லாம் பேச்சுல வந்து நிக்கும். வாயே தொறக்காமத் தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிடு. நூலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை தெரிஞ்சா, மேஸ்திரி தானா மம்பட்டியைத் தேடுவான். குண்டுக்கு வயசு, சாதி, படிப்பு, பகை ஒண்ணும் கெடையாது. அதோட யாரும் கோவிச்சுக்கிட முடியாது.

இதை நான் கொத்து வேலையோட முடிஞ்சதுன்னு நெனச்சிருந்தேன். ஒரு நாளு வாத்தியாரம்மா பாடம் நடத்துறப்ப சொன்னாக, மத்தீஸ்னு ஒரு பிரெஞ்சுக்கார ஓவியரு 1908ல பாரீசுல ஒரு பள்ளிக்கூடம் தொறந்தாராம். கலரை அள்ளி அள்ளி வீசுறவருன்னு ஊரே அவரைத் திட்டிக்கிட்டு இருந்த காலம். நாமளும் வீசலாம்னு ஆசையா வந்த பிள்ளைககிட்ட அவரு, எப்பவும் தூக்குநூலை வச்சுப் பாருங்கன்னு சொன்னாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, போசு கலைஞ்சுபோச்சு. பின்னே? பாரீசு வரைக்கும் போயி அவுக கத்துக்கிட்டது எங்க சித்தாளுக்கும் தெரியுமே!

அந்த நூலு எங்க உபயோகப்படும்னு கேளு. ஒத்தைக் காலுல பாரத்தைப் போட்டு இன்னொரு காலைத் தளத்தி நிக்கிறேன்னு வையி. கோயில்ல அம்மன் மூணு வளைவா ஒயிலா நிக்குதே, அந்த நிலை. எனக்கு ஒயிலு இல்லை, நிலை அதுதான். பாரம் தாங்குற பக்கம் இடுப்பு மேல ஏறும், அந்தப் பக்கத்துத் தோளு கீழ இறங்கும். தொண்டைக்குழியில இருந்து நூலைத் தொங்கவிட்டா, பாரம் தாங்குற காலோட உள்பக்கக் கணுக்காலுக்கிட்டப் போயி விழும். உன் படத்துல அந்த நூலு ரெண்டு பாதத்துக்கும் நடுவுல விழுந்தா, நான் ரெண்டு காலையும் ஊணி நிக்கிறேன்னு அர்த்தம். பாதத்துக்கு வெளிய விழுந்தா, நான் கீழ விழுந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம், ஓடியாந்து பிடி.

இப்ப ரெண்டு பேச்சை வச்சுப் பாரு. ஒருத்தன் வர்றான், தலையைச் சாய்க்கிறான், "ஏதோ ஒண்ணு இடிக்குதுல்ல?"ங்கிறான். இன்னொருத்தி வர்றா, பென்சிலைச் செங்குத்தாத் தொங்கவிட்டுப் பாத்து, "தொண்டைக்குழிக்கு நேர் கீழ கணுக்கால் வரலை, பாதம் ஒரு விரக்கடை வெளிய போயிருச்சு"ங்கிறா. மொத ஆளு சொன்னதைக் கேட்டா ராத்திரித் தூக்கம் போகும். ரெண்டாவது ஆளு சொன்னதைக் கேட்டா ஒரு நிமிசத்துல பாதம் நகரும். ரெண்டு பேரும் பாத்தது ஒரே தப்பைத்தான். ரெண்டாவது ஆளு சொன்னதை நீயே ஒரு பென்சிலைப் பிடிச்சுச் சரிபாத்துக்கலாம், அவளே தப்பாச் சொல்லியிருந்தாலும் கண்டுபிடிச்சுப்புடலாம். சரிபாக்க முடியாத பேச்சை என்ன செய்யிறது? வீட்டுக்குக் கொண்டுபோயி மனசுக்குள்ள போட்டு ஊறவைக்கத்தான் ஆகும்.

சரிபாக்குறதுக்கு நூலு மட்டும்தான்னு இல்லை. கையை முழுசா நீட்டி, முட்டியை மடக்காம, ஒத்தைக் கண்ணை மூடிப் பென்சில்ல அளக்கலாம். முட்டி மடங்குனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும், அது வேற கதை. நான் இடுப்புல கை வச்சிருந்தா, கைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒரு முக்கோணம் தெரியும். கையைப் பாக்காம அந்தக் காலி எடத்தைப் பாரு. கைன்னா உனக்கு ஏற்கெனவே ஒரு நெனப்பு இருக்கும். காலி எடத்தைப் பத்தி ஆருக்கும் எந்த நெனப்பும் இல்லை, அதனால அது பொய் சொல்லாது. நெனப்புதான் எல்லாத்தையும் கெடுக்குது. புதுசா வர்றவுக எல்லாரும் என் கண்ணை நெத்திக்குத் தூக்கிருவாக. கண்ணு தலையோட சரிபாதி உயரத்துல இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாக. மூஞ்சியைப் பெரிசாப் போட்டு, கையைச் சின்னதா, பாதத்தை அதைவிடச் சின்னதாப் போடுவாக. மூஞ்சி மேல ஆசை, பாதம் மேல ஆசை இல்லை. உள்ளங்கையை மோவாய்ல வச்சு விரலை ஒசத்திப் பாரு, நெத்தி முடிக்கிட்டப் போயிருமே? அம்புட்டுப் பெரிசு கை. இதுக்கு வாத்தியாரு எதுக்கு, உன் கையே போதும்.

குத்தம் சொல்ல வர்றவுகளுக்கும் ஒரு வார்த்தை. எந்திரிச்சு நின்னு, வரையிறவன் முதுகுக்குப் பின்னால இருந்து எட்டிப் பாத்துச் சொல்லாதீக. அவனை எந்திரிக்கச் சொல்லி, அவன் டாங்கியில, அதான் பலகையைச் சாச்சு வச்சு வரையிற பெஞ்சு, அதுல உக்காந்து, அவன் கண்ணு இருந்த உயரத்துல உங்க கண்ணை வச்சுப் பாருங்க. நான் நேரா ஒருத்தனைப் பாத்துக் காலை நீட்டி உக்காந்திருக்கேன்னு வைங்க. அவனுக்கு என் தொடை ஒரு சாணுகூடத் தெரியாது, பாதம் பூதாகாரமாத் தெரியும். பக்கவாட்டுல உக்காந்தவனுக்கு என் காலு நீளமாத் தெரியும். பக்கவாட்டுக்காரன் எந்திரிச்சு வந்து, "என்னப்பா, தாத்தா காலை வெட்டிப்புட்டே?"ங்கிறான். வெட்டலை அப்பு, அங்கிருந்து பாத்தா காலு அம்புட்டுத்தான் தெரியும். எடத்தை மாத்தினா நானே வேற ஆளு.

நேரத்தையும் பாத்துக்கங்க. நானும் மனுசன்தானே? இருவது நிமிசப் போசுல, உக்காந்தப்ப இருந்த தலை முடியிறப்ப ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கும். முதுகு பைய வளையும். பதினெட்டாவது நிமிசத்துல வந்து, "தலை ஒசக்க இருக்கு"ன்னு சொல்ற புண்ணியவான்கள் உண்டு. வரைஞ்ச பிள்ளை மேல தப்பில்லை, இறங்கினது நான். மொத ரெண்டு நிமிசத்துல பாத்துப் போட்ட நிலையைக் கடைசி வரைக்கும் விடாமப் பிடிச்சிருக்கிறவன்தான் கெட்டிக்காரன். என்னோட சேந்து ஒவ்வொரு நிமிசமும் இறங்குறவன் காகிதத்துல கடைசியில ரப்பர்த் தூசிதான் மிஞ்சும்.

இன்னொரு ரகம் உண்டு. அரை நிமிசப் போசு நடக்குது. நான் குனிஞ்சு கல்லைத் தூக்குற பாவனையில நிக்கிறேன், மணி அடிச்சதும் மாத்தணும். இதுல பாக்க வேண்டியது உடம்பு என்ன செய்யிதுங்கிற ஒண்ணுதான். நிக்கொலாய்டஸ்னு நியூயார்க்குல பாடம் சொன்ன வாத்தியாரு, உடம்பு எப்படி இருக்குன்னு பாக்காதே, என்ன செய்யிதுன்னு வரைஞ்சுகிட்டே போன்னு சொல்லிக்குடுத்தவரு. அவரு 1938ல செத்துப்போனாரு, புஸ்தகம் 1941ல வந்துச்சு. அப்ப இருந்து இப்ப வரைக்கும் படம் போடுற கூடம் பலதுலயும் அந்த மாதிரி அவசரப் பயிற்சி நடக்குது. அந்த அரை நிமிசப் படத்தைப் பாத்து நம்ம ஆளு கேக்குறான், "விரல்ல நகம் காணோமே?" சுவரு சாஞ்சு நிக்கையில பூச்சு சொரசொரன்னு இருக்குன்னு சொல்றவனை என்ன செய்யலாம்? குனிஞ்ச வேகம் வந்திருக்கா, பாரம் எந்தக் காலுலன்னு கேளு. அது சரியா இருந்தாப் பெறகு அளவு. அளவு சரியா இருந்தாப் பெறகு வெளிச்சமும் நிழலும். நகம் எல்லாத்துக்கும் கடைசி. அதுவும் ஒரு மணி நேரப் போசா இருந்தா.

"சூப்பர்"ங்கிறவுகளை நான் வையிறது இல்லை. பாவம், நல்ல மனுசங்க, வீட்டுல வேலை இருக்கும், சீக்கிரம் போகணும். ஆனா அந்த "சூப்பர்"லயும் ஒரு எடத்தைக் காட்டிப்புட்டுப் போலாமே? "இந்த முழங்கால் மடிப்புல ஒரே கோட்டுல எலும்பையும் தோலையும் காட்டியிருக்கே"ன்னு சொன்னா, அந்தப் பிள்ளைக்குத் தான் எதை விடக் கூடாதுன்னு தெரியும். தப்பை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா, பயந்துபோயி சரியா இருக்கிறதையும் சேத்து அழிச்சுப்புடுவாக. நான் என் கண்ணால பாத்திருக்கேன், தோளைத்தான் சொன்னேனே.

இதுக்கு நேர் எதிரா வள்ளலு ஒருத்தரு இருப்பாரு. ஒரு படத்துக்கு ஒம்பது குத்தம், கேக்காமலே அள்ளிக் குடுப்பாரு. அதோட விடாம, நம்ம பென்சிலையே பிடுங்கி நம்ம காகிதத்துலயே போட்டுக் காட்டுவாரு. அந்தக் காலத்து வாத்தியாருமாரு மாணாக்கன் படத்து மேலயே கோடு போட்டுத் திருத்தினது உண்மைதான், அவுக வாத்தியாரு. பக்கத்து டாங்கிக்காரனுக்கு அந்தப் பட்டா ஆரு குடுத்தா? காட்டணும்னா ஓரத்துல சின்னதாப் போட்டுக் காட்டு, இல்லை தன் காகிதத்துல போட்டுக் காட்டு. அதுக்கு முந்தி "சொல்லலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளு. "வேணாம்"னா வாயை மூடிக்கிட்டு உன் படத்தைப் பாரு, அங்கயும் நாலு தப்பு இருக்கும்.

சரி, வாங்கிக்கிறவுக பக்கம் வருவோம். அங்கதான் வேடிக்கையே. படத்தைத் திருப்பிக் காட்டுறதுக்கு முந்தியே கதை ஆரம்பிக்கும். "சும்மா கிறுக்குனது", "பென்சில் மொக்கை", "நேத்துத் தூக்கமில்லை", "தாத்தா அசைஞ்சுக்கிட்டே இருந்தாரு". கடைசியில பழி எனக்கு! திருவிளையாடல் படத்துல தருமி, பாட்டுல எம்புட்டுக் குத்தம் இருக்கோ அம்புட்டைப் பரிசுல கழிச்சுக்கங்கன்னு பேரம் பேசுவாரே, அவராச்சும் பாட்டைப் படிச்ச பெறகு பேசினாரு. நீ காட்டுறதுக்கு முன்னாடியே கழிச்சுக்கிற. அதுக்குப் பதிலா ஒரே ஒரு கேள்வியோட காட்டு. "பாரம் எந்தக் காலுல இருக்குன்னு தெரியுதா?" "இந்தக் கை முன்னால வர்ற மாதிரி இருக்கா?" கேள்வி குறுகலா இருந்தா, எதிராளி தப்பிச்சுக்கிட வழி இல்லை. பாத்துத்தான் ஆகணும்.

அப்புறம் "அது என் ஸ்டைலு"ன்னு ஒரு கேடயம் உண்டு. கழுத்து ஒரு முழம் நீண்டு போயிருக்கும், கேட்டா ஸ்டைலு. காந்தியைக் கோடு கோடா வரைஞ்சாரே ஆதிமூலம், அவரும் மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கூடத்துல உக்காந்து பாடம் படிச்ச பெறகுதான் அந்தக் கோட்டுக்கு வந்தாரு. ஸ்டைலுதானான்னு கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரு வழி இருக்கு. அதே போசுல கழுத்தைச் சரியான அளவுலயும் ஒண்ணு போட்டுக் காட்டு அப்பு. காட்டிட்டா, நீட்டுனது நீதான், ஸ்டைலுதான், நான் கும்பிட்டுக்கிறேன். காட்ட முடியலைன்னா, கழுத்து உன் பேச்சைக் கேக்காமத் தானா நீண்டிருக்கு.

மூணு பேரு மூணு விதமாச் சொல்றாகளே, ஆரைக் கேக்குறதுன்னு ஒரு பிள்ளை அழுதுச்சு. ஒருத்தன் இடுப்பை ஏத்துங்கிறான், ஒருத்தி தோளை இறக்குங்கிறா, இன்னொருத்தன் நெஞ்சுக்கூட்டைச் சின்னதாக்குங்கிறான். மூணு பேரு சொன்ன வைத்தியமும் தப்பா இருக்கலாம் தாயி. ஆனா மூணு பேரு கண்ணும் போயி நின்னது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவுல. அந்த எடத்துல ஏதோ இருக்கு. அவுகளை விட்டுப்புட்டு என்னையப் பாரு, அந்த நீளத்தை மட்டும் பென்சில்ல அள. அடுத்த அஞ்சு நிமிசப் போசுல அந்த ஒண்ணை மட்டும் மனசுல வச்சு வரை. பழைய படத்தை அழிச்சு அழிச்சுத் திருத்திக்கிட்டு இருக்காதே. அதுக்குப் பின்னால தேதி, எத்தனை நிமிசம், ஆரு என்ன சொன்னாகன்னு எழுதிப் போட்டு வையி. கொஞ்ச நாளு கழிச்சு எல்லாத்தையும் தரையில பரப்பிப் பாத்தா, ஒரே குத்தம் எத்தனை படத்துல கூடவே வந்திருக்குன்னு உனக்கே தெரியும். அன்னைக்கு வர்ற வெக்கம் நல்ல வெக்கம்.

படம் போடத் தெரியாதவன்கிட்டக் கேக்கலாமான்னா, தாராளமாக் கேக்கலாம். இத்தாலிக்காரரு லியனார்டோ தன் குறிப்புல இதை எழுதி வச்சிருக்காரு: ஓவியன் ஆரு சொன்னாலும் காது குடுத்துக் கேக்கணும், ஏன்னா படம் போடத் தெரியாதவனுக்கும் இன்னொரு மனுசனோட உருவம் எப்படி இருக்கும்னு தெரியும்னு. கண்ணாடியில படத்தைக் காட்டித் திருப்பிப் பாருங்கன்னும் சொன்னவரு அவருதான். இடம் வலமாகும், பழகிப்போன கண்ணுக்குப் புதுப் படமாத் தெரியும், கோணல் எல்லாம் குதிச்சு வெளிய வரும். இப்பப் பிள்ளைக செல்போன்ல படம் எடுத்துத் திருப்பிப் பாக்குதுக. நல்லதுதான். எடுக்குறதுன்னா வரைஞ்ச படத்தை மட்டும் எடு. மாடலைக் கேக்காம மாடலை எடுக்காதே. அதேபோல, "படத்துல இடுப்புக் கோடு அகலம்"னு சொல்லு, "அந்தம்மா இடுப்பு அகலம்"னு சொல்லாதே. மேடையில இருக்கிற ஆளுக்கும் காது உண்டு, வீடு வாசலும் உண்டு.

லியனார்டோ சொன்னதுக்கு எதிரா ஒரு பழைய கிரேக்கக் கதையைச் சொல்வாக. ரோமாபுரியில பிளினிங்கிறவரு எழுதி வச்சது. அப்பெல்லஸ்னு பெரிய ஓவியரு, படத்தைத் தெருவைப் பாக்க வச்சுப்புட்டு, போறவன் வாறவன் என்ன பேசுறான்னு ஒளிஞ்சு நின்னு கேப்பாராம். செருப்புத் தைக்கிறவரு ஒருத்தரு, செருப்புல ஒரு வாரு குறையுதுன்னாரு. அப்பெல்லஸ் திருத்திப்புட்டாரு. மறுநாளு வந்து பாத்த செருப்புக்காரரு, சந்தோசத்துல காலைப் பத்தியும் குறை சொன்னாரு. அப்பெல்லசுக்கு வந்துச்சே கோவம், செருப்புக்கு மேல பேசாதேன்னு வெரட்டிப்புட்டாரு. கேக்குறவுக எல்லாரும் அப்பெல்லஸ் பக்கம்தான் சேருறாக. எனக்கென்னமோ செருப்புக்காரரு பக்கம்தான் நியாயம் இருக்கிறதாத் தோணுது. காலமெல்லாம் காலைத் தொட்டு, அளந்து, அதுக்குத் தைச்சுக் குடுக்குறவருக்குக் காலைப் பத்தித் தெரியாதா? அந்த ஓவியரு நெசக் காலு ஒண்ணை வச்சுச் சரிபாத்திருந்தாத்தானே தெரியும், தப்பு ஆரு பேருலன்னு.

வேற தொழில்காரருக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்ங்கிறீகளா? மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கூடத்தை 1850ல ஆரம்பிச்ச அலெக்சாண்டர் ஹண்டரே ஒரு டாக்டருதான். பின்னால அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவரா இருந்த ராய் சௌத்ரி செஞ்ச உழைப்பாளர் சிலை 1959ல இருந்து மெரினாவுல நிக்குது. நாலு பேரு பாறையைப் பெயர்க்கிறாக. அந்த முதுகு எங்க இறுகியிருக்கு, பாதம் எப்படி ஊணியிருக்குன்னு கல்லுத் தூக்குன ஆளைக் கூட்டிப்போயிக் கேளு, படிச்சவுக சொல்லாததைச் சொல்லுவான். எலும்புன்னா டாக்டரைக் கேளு. சேலை மடிப்புன்னா சேலை கட்டுறவுகளைக் கேளு. அவுகளை "படம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டுச் சங்கடப்படுத்தாதே. "இந்த மடிப்பு இப்படி விழுமா?"ன்னு கேளு.

இப்ப என்னோட வேண்டுகோள் ஒண்ணு. நீங்க எல்லாரும் கரெக்சன் பேச்சை எப்ப வச்சுக்கிறீக? போசு முடிஞ்சு, நான் சட்டையை மாட்டிக்கிட்டுப் பஸ்ஸுக்குக் கெளம்பின பெறகு, படங்களைச் சுவத்துல வரிசையாச் சாத்தி வச்சுப்புட்டு, சுத்தி நின்னு. அங்க குண்டைத் தொங்கவிட்டாலும் எதுக்கு நேராத் தொங்கவிடுவீக? நான்தான் அங்க இல்லையே. அதனாலதான் ஒரு தோளுக்காக அரை மணி நேரம் சண்டை போடுறீக. கடைசிப் போசுல பத்து நிமிசத்தை மிச்சம் வைங்க. நான் மேடையிலயே இருக்கேன். ஒவ்வொருத்தரா, வரைஞ்சவுக டாங்கியில உக்காந்து, என்னையப் பாத்துப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லை. அந்தப் பத்து நிமிசத்துக்கும் சேத்துக் கூலி போட்டுக் குடுத்துருங்க.